சாவி கொடுக்கும் நேரம்

நம்மிடம் 31 கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. சென்ற சித்திரை மாதத்தில் 34 இருந்தன. மூன்று எங்கே போயின என்பதைப் பிற்பாடு சொல்கிறோம். இத்தனை கடிகாரம் இருந்தும், வீட்டில் மணி தெரிய வேண்டியவர்கள் யாரும் நம்மை வந்து கேட்பதில்லை. பெண் செல்போனைப் பார்க்கிறாள். பையன் டெலிவிஷனைப் பார்க்கிறான். நம் சகதர்மிணியோ, ராசிபுரம் டவுன் பஸ் தெருமுனையில் திரும்பும்போது அடிக்கும் ஹாரனைக் கொண்டே மணியை நிச்சயித்துக் கொள்கிறாள். அவர்கள் பேரில் குற்றமில்லை. நம் பெட்டியைத் திறந்தால் 31 கடிகாரங்களும் 31 கட்சிகளாகப் பிரிந்து நின்று ஆளுக்கொரு மணி சொல்லும். எந்தச் சட்டசபையிலும் இவ்வளவு அபிப்பிராய பேதத்தைப் பார்க்க முடியாது.

கடிகாரம் சேர்ப்பது என்றால் ஏதோ பணக்காரர் சமாசாரம் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. நாம் கணக்கு வாத்தியார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாற்கரத்தின் குணங்களைச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர். தங்கக் கடிகாரமும் வைரம் பதித்த கடிகாரமும் நம் கனவிலே கூட வருவதில்லை. நம் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் பெங்களூர் எச்.எம்.டி. தொழிற்சாலையில் பிறந்தவை. அவற்றை ஒரு காலத்தில் பஞ்சாயத்து ஆபீஸ் குமாஸ்தாக்களும், கண்டக்டர்களும், கூட்டுறவுச் சங்கக் காரியதரிசிகளும் கட்டிக் கொண்டிருந்தார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் மேஜை இழுப்பறையில் போட்டு மறந்திருந்ததை நாம் தேடிப் பிடித்தோம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு: பாட்டரி போட்டு ஓடுகிற கடிகாரத்துக்கு நம் பெட்டியில் இடமில்லை. கையால் சாவி கொடுத்தால்தான் ஓட வேண்டும்.

நம் சகதர்மிணி நாமக்கல் சீமையில் பிறந்தவள். அவள் ஒரு நாள் சொன்னாள்: "இதுக்குப் பதிலா 31 கோழி வளர்த்திருந்தா, தினமும் முட்டையாவது கிடைச்சிருக்குமுங்க." இந்த வாதத்துக்குச் சரியான பதில் இன்று வரையில் நமக்குத் தோன்றவில்லை.

"சாவி கொடுப்பது" என்று நம்மவர்கள் ஏன் சொல்கிறார்கள் என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்விதான். கைக்கடிகாரத்தில் சாவி எங்கே இருக்கிறது? பக்கத்தில் ஒரு திருகு அல்லவா இருக்கிறது? விஷயம் என்னவென்றால், பழைய நாளைய பைக்கடிகாரங்களுக்கு வாஸ்தவமாகவே ஒரு சிறிய சாவி உண்டு. பின்மூடியைத் திறந்து, துவாரத்தில் அந்தச் சாவியை விட்டுத் திருக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் திருகு வைத்த கடிகாரங்கள் வந்த பிறகு சாவி ஒழிந்தது. வார்த்தை மட்டும் ஒழியவில்லை. போன பொருளின் பெயரை இருக்கிற பொருளுக்கு வைத்துக் கொள்வதில் தமிழர்களுக்கு நிகர் யாரும் இல்லை.

காலையில் காபி ஆன பிறகு, அன்றைக்கு முறை வந்த நாலைந்து கடிகாரங்களை எடுத்து வைத்துக் கொள்கிறோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் திருகைப் பிடித்து உருட்டினால், உள்ளே கிர்ர், கிர்ர் என்று ஒரு சப்தம் கேட்கும். முதலில் இலகுவாகத் திரும்பும். பிறகு கொஞ்சங் கொஞ்சமாக இறுகும். ஒரு இடத்தில் "போதும், இனி வேண்டாம்" என்று சொல்லாமல் சொல்லும். அந்த இடத்தில் நிறுத்திக் கொள்ளத் தெரிந்தவர்கள்தான் கடிகாரம் வைத்துக் கொள்ள யோக்கியதை உள்ளவர்கள். பந்தியிலே இலை முன் உட்கார்ந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

உள்ளே நடப்பதுதான் ஆச்சரியம். ஒரு சிறு டப்பிக்குள் சுருண்டு கிடக்கிறது மெயின் ஸ்பிரிங் என்னும் எஃகு நாடா. நாம் திருகும்போது அது இறுகிச் சுருளுகிறது. விட்டவுடன் விரிந்துவிடப் பார்க்கிறது. அதை அதன் போக்கில் விட்டால் சில விநாடிகளில் முழுதும் அவிழ்ந்து, முட்கள் காற்றாடி மாதிரி சுற்றி ஓய்ந்துவிடும். அப்படி ஆகாமல், சுமார் ஒன்றரை நாளைக்கு அந்தப் பலத்தைப் பிட்டுப் பிட்டுச் செலவு செய்ய வேண்டும். அதற்குத்தான் பல்சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. கடைசிச் சக்கரத்தின் வாசலில் நங்கூரம் போன்ற ஒரு சின்னக் கவை காவல் காக்கிறது. ஒரு பல்லை விடும். அடுத்த பல்லைத் தடுக்கும். மறுபடி விடும், மறுபடி தடுக்கும். நாம் கேட்கும் "டிக், டிக்" அந்தக் காவலாளி கதவைச் சாத்தும் ஓசையே ஆகும்.

அந்தக் காவலாளிக்கு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று சொல்வது யார்? பேலன்ஸ் சக்கரம். இப்படிப் பாதி, அப்படிப் பாதி என்று ஊஞ்சலாடும் ஒரு சிறு வளையம் அது. அதை மையத்துக்கு இழுத்துக் கொண்டே இருப்பது, தலைமயிரைப் போல மெலிந்த ஒரு சுருள். ஹேர்ஸ்பிரிங் என்று பெயர். ஹாலந்து தேசத்து விஞ்ஞானி ஹைகன்ஸ் 1675-இல் இந்தச் சுருளைக் கடிகாரத்தில் வைத்த பிறகுதான், சட்டைப் பைக்குள் வைத்துக் கொள்ளும் கடிகாரத்தின் வாக்கை மனிதர்கள் நம்பலாயினர். அதற்கு முன்னால் அது ஆபரண வகையைச் சேர்ந்தது.

எச்.எம்.டி. ஜனதாவில் அந்த வளையம் ஒரு விநாடிக்கு ஐந்து தடவை அடிக்கிறது, மணிக்கு 18,000. கணக்கு வாத்தியாருக்குச் சும்மா இருக்க முடியுமா? அதை 24 ஆல் பெருக்கிப் பார்த்தோம். 4,32,000 வந்தது. திரும்பவும் பெருக்கினோம், அதே விடைதான். பஞ்சாங்கம் படித்தவர்களுக்கு இந்த எண் பழக்கமானது. கலியுகத்தின் மொத்த ஆயுள் 4,32,000 வருஷம் அல்லவா? ஆகவே ஒரு சாதாரண ஜனதா கடிகாரம் வருஷத்துக்கு ஓர் அடியாக ஒரு கலியுகத்தைத் தினந்தோறும் அடித்து முடிக்கிறது. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. அறுபதையும் பன்னிரண்டையும் வைத்து எண்ணுகிறவர்கள் எங்கே புறப்பட்டாலும் இந்த மாதிரி எண்களிலேதான் வந்து முட்டுவார்கள். ஆனாலும் வகுப்பில் இதைச் சொன்னபோது, கடைசிப் பெஞ்சில் தூங்கிக் கொண்டிருந்தவனும் எழுந்து உட்கார்ந்தான்.

இனி, கல் விஷயம். ஜனதாவின் முகத்தில் "17 ஜுவல்ஸ்" என்று அச்சிட்டிருக்கும். அது என்ன பதினேழு ரத்தினம் என்று நம் தாயார் ஒரு முறை மிகுந்த ஆவலோடு கேட்டாள். அவற்றை எடுத்துத் தோடு செய்ய முடியாது. சக்கரங்களின் அச்சு முனைகள் மயிரிழை பருமன்தான் இருக்கும். அவை பித்தளையில் சுழன்றால் துவாரம் நாளடைவில் தேய்ந்து அகன்றுவிடும். ஆகையால் தேயாத கல்லில் துளையிட்டு, அதற்குள் சுழல விடுகிறார்கள். இந்த யுக்திக்கு லண்டனில் 1704-லேயே பேடண்டு வாங்கியிருக்கிறார்கள். முதலில் இயற்கைக் கெம்பை உபயோகித்தார்கள். வெர்னேய் என்ற பிரெஞ்சுக்காரர் உலைச் சுவாலையில் கெம்பை உருவாக்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். அது முதல் பதினேழு கல்லும் சாமானியர்களுக்குக் கிட்டின.

கெம்பும் நீலமும் ஒரே கல்லின் நிற பேதங்கள். அந்த மூலக் கல்லுக்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயர் கொரண்டம். அகராதிகளைப் புரட்டினால், அந்தப் பெயர் "குருந்தம்" என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனது என்று போட்டிருக்கும். அந்தக் குருந்தம் எங்கே கிடைக்கிறது என்று நினைக்கிறீர்கள்? நம் நாமக்கல் ஜில்லாவில், சித்தம்பூண்டியில்! அவ்வூர் வெள்ளைப் பாறைக்குள் சிவந்த குருந்தக் கல் புதைந்திருப்பது நிலநூலாருக்கு வெகு காலமாகத் தெரிந்த விஷயம். அந்தப் பாறைதான் சந்திர மண்டலத்துப் பாறையைப் போன்றது என்று கண்டு, சந்திரயான்-2 இறங்குவதை ஒத்திகை பார்க்க இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கிருந்து மண் எடுத்துப் போனார்கள். பத்திரிகைகள் எல்லாம் சந்திரனைப் பற்றி எழுதின. நம் கையில் இருந்த கடிகாரத்தைப் பற்றி யாரும் எழுதாதது நமக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். சுவிட்சர்லாந்துக்காரனும் ஜப்பான்காரனும் தங்கள் கடிகாரத்துக்குள் வைத்த கல்லின் பெயர், பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் குடியானவர் வாயில் வழங்கும் பெயர் என்றால் சாமானியமா?

கடிகாரம் வருவதற்கு முன் நம்மவர்கள் காலம் தெரியாமல் இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். முல்லைப்பாட்டிலேயே நீர்க் கடிகாரம் பார்த்து நாழிகை சொல்பவர்கள் வருகிறார்கள். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிஷம். அந்தக் காலம் அந்தந்த ஊரின் சூரியனுக்குக் கட்டுப்பட்டிருந்தது. ரயில் வந்தபோதுதான் சங்கடம் வந்தது. 1860-களின் தொடக்கத்தில் சேலம் வழியாக ரயில் ஓடத் தொடங்கியது. ரயிலுக்குச் சென்னை வானியல் கூடத்துக் காலம்தான் காலம். 1906 ஜனவரி 1-இல் இந்தியா முழுவதற்கும் ஒரே காலம் என்று சர்க்கார் அறிவித்தார்கள். அந்தப் பொதுக் காலத்துக்கும் சேலத்துச் சூரியனுக்கும் சராசரியாகச் சுமார் 17 நிமிஷம் வித்தியாசம். அதாவது, நம் ஊரில் நடுப்பகல் ஆகும்போது கடிகாரம் பன்னிரண்டே காலைத் தாண்டியிருக்கும். யுத்தத்தின் போது, 1942 முதல் 1945 வரையில், இதற்கு மேலும் ஒரு மணி முன்னே தள்ளி வைத்தார்கள். அப்போது சேலத்து ஜனங்கள் ஒன்றேகால் மணிக்கு மேல்தான் உச்சி வெயிலைப் பார்த்திருப்பார்கள். எமகண்டத்துக்கும் ராகு காலத்துக்கும் அந்த மூன்று வருஷம் என்ன ஏற்பாடு செய்தார்களோ!

அக்காலத்தில் கடிகாரம் என்றால் சீமைக் கடிகாரம்தான். சென்னை மௌண்ட் ரோட்டில் பி. ஆர் அண்டு சன்ஸ் மணிக்கூண்டுக் கட்டிடத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வியாபாரத்தின் கம்பீரம் தெரியும். வெஸ்ட் எண்ட் கம்பெனியின் "சவார்" சிப்பாய்களின் மணிக்கட்டில் இருந்தது. ஃபேவர்-லூபா மிராசுதார்களின் மணிக்கட்டில் இருந்தது. இராட்டையில் நூற்றுக் கதர் உடுத்தியவர்களுக்குக் கூட, நேரம் பார்க்க வேண்டுமானால் சுவிட்சர்லாந்துதான் கதி. மகாத்மாவே இதற்கு விலக்கல்ல. அவர் வைத்திருந்த ஸெனித் பைக்கடிகாரம் அலாரம் அடிப்பது. சுவிஸ் தேசத்தில் செய்தது. 2009-இல் அந்தக் கடிகாரமும், மூக்குக் கண்ணாடியும், செருப்பும், கிண்ணமும் தட்டும் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்து 18 லட்சம் டாலருக்குப் போயின. ஒரு நிமிஷத்தையும் வீணாக்காதவரின் கடிகாரம் அது. அதை யாரும் சாவி கொடுத்து ஓட விட்டார்களோ என்பதே நமக்கு விசாரம்.

இந்தக் குறையைத் தீர்த்தது எச்.எம்.டி. இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களுக்காக 1953-இல் பெங்களூரில் ஏற்பட்ட சர்க்கார் ஸ்தாபனம் அது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியாரிடம் வித்தை கற்றுக் கொண்டு, 1961-இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதல் கடிகாரங்களைப் பண்டித நேரு வெளியிட்டார். ஜனதா, பைலட், ஜவான், சோனா, காஞ்சன், கோஹினூர், பெண்களுக்குச் சுஜாதா என்று எத்தனை பெயர்கள்! தும்கூரிலும் ஸ்ரீநகரிலும் ராணிபாக்கிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. கண் தெரியாதவர்கள் விரலால் தடவி மணி பார்ப்பதற்கும் ஒரு கடிகாரம் செய்தார்கள். லாபக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதை யார் செய்திருப்பார்கள்?

நம் தகப்பனாரின் ஜனதா 1974-இல் வாங்கியது. பெங்களூரில் இருந்த நம் மாமா சொல்லி வைத்து, காத்திருந்து, வாங்கி வந்தார். தகப்பனாரின் சம்பளத்தில் சரிபாதி அதற்குப் போயிற்று என்று தாயார் வெகு காலம் வரையில் சொல்லிக் காட்டுவாள். ஆகாசவாணியின் காலைச் செய்தி ஆரம்பிக்கும்போது அவர் திருகை இழுத்து வைத்துக் கொண்டு காத்திருப்பார். செய்தி வாசிப்பவர் வாய் திறந்ததும் அமுக்குவார். ஒரு நாளும் அரை நிமிஷத்துக்கு மேல் திருத்த நேர்ந்ததில்லை. கோடை காலத்தில் வேர்வை உள்ளே இறங்கி, வெள்ளை முகத்தில் ஆறுமணிப் பக்கமாகப் பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன. நம் பெட்டியில் முதல் கடிகாரம் அதுதான். மற்ற முப்பதும் அதற்குத் துணையாக வந்தவை.

பிறகு குவார்ட்ஸ் யுகம் வந்தது. ஜப்பானின் ஸெய்கோ கம்பெனி 1969 டிசம்பர் 25-இல் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கடையில் வைத்தது. விநாடிக்கு ஐந்து தடவை எங்கே, 32,768 தடவை அதிரும் படிகம் எங்கே! நம் தேசத்தில் அந்த அலையைக் கொண்டு வந்தது ஹோசூர். 1965 வரையில் ஹோசூர் நம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததுதான். தமிழ்நாட்டு சர்க்காரின் டிட்கோவும் டாட்டாக்களும் கூட்டாக 1984-இல் டைட்டன் கம்பெனியை ஆரம்பித்து, அங்கே தொழிற்சாலை வைத்தார்கள். மெல்லியதாகவும் அழகாகவும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்தன. மாப்பிள்ளைச் சீர்த்தட்டில் எச்.எம்.டி. இருந்த இடத்தில் டைட்டன் ஏறி உட்கார்ந்தது. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்யத்தான் செய்தது. ஆனால் கடைக்கு வருகிறவர்களின் மனசை அறிந்து கொள்ளும் வித்தையை சிட்டிசன் கம்பெனியார் கற்றுக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியை மூடிவிடுவது என்று மத்திய மந்திரிசபை தீர்மானித்தது.

மூடப் போகிறார்கள் என்று தெரிந்தவுடன் தேசத்துக்கே ஞாபகம் வந்துவிட்டது! கேட்பாரற்றுக் கிடந்த கடிகாரங்களுக்கு விலை ஏறியது. அதோடு ஒரு வியாதியும் பரவியது. புள்ளி விழுந்த முகத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வர்ணம் பூசி அச்சடித்து, "பழைய சரக்கு, பிரிக்காத சரக்கு" என்று விற்கிறார்கள். ஆரஞ்சு நிற ஜனதா, கிளிப்பச்சை ஜனதா எல்லாம் சந்தைக்கு வருகின்றன. வாங்குகிறவர்களுக்கு நாம் சொல்லும் யோசனை இதுதான்: பூதக்கண்ணாடி வைத்து எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். தொழிற்சாலை அச்சு ஊசிமுனை மாதிரி கூர்மையாக இருக்கும். பூசிய அச்சு ஈரக் காகிதத்தில் எழுதியது போலத் தடித்திருக்கும். எண் கோடுகள் ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐம்பது வயசுக் கடிகாரம் நேற்றுப் பிறந்தது போல் பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

தகப்பனாரின் ஜனதாவுக்கும் புது முகம் போட்டுத் தருவதாக ஒரு வியாபாரி சொன்னார். சேலம் கோட்டைப் பக்கத்தில் நமக்குக் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவரிடம் இதைப் பற்றி யோசனை கேட்டோம். அவர் லென்சைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "சார், உங்க அப்பாவுக்கு முகத்துல மச்சம் இருந்திருந்தா அதை அழிச்சுட்டா படத்தை மாட்டி வெச்சிருப்பீங்க?" அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

அவர் கடை ஒரு கயிற்றுக் கட்டிலின் அகலம் இருக்கும். பன்னிரண்டாம் வயதில் தாய்மாமனிடம் தொழிலுக்கு உட்கார்ந்தவர். இப்போது 74 ஆகிறது. முன்னால் கண்ணாடிப் பெட்டி. பின்னால் ஒரு மரப்பெட்டி. அந்த மரப்பெட்டிக்குள் தகர டப்பிகள். பேலன்ஸ், கவை, திருகுத் தண்டு, மெயின் ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் எழுதியிருக்கும். ஐம்பது வருஷமாக, ஓடாத கடிகாரங்களிலிருந்து ஓடக்கூடிய உறுப்புகளைச் சேர்த்து வைத்தவை. தொழிற்சாலை போன பிறகு அந்த மரப்பெட்டிதான் சேலம் நாமக்கல் வட்டாரத்துக்கு எச்.எம்.டி. தொழிற்சாலை. ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் செல் மாற்றத்தான் வருகிறார்கள். அதில்தான் ஜீவனம்.

சென்ற சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, பெரியவர் வலது கையை இடது கையால் பிடித்துக் கொண்டிருந்தார். நடுக்கம் வந்துவிட்டது. டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார். செல் மாற்றலாம், ஹேர்ஸ்பிரிங்கைத் தொட முடியாது. மகன் ஹோசூரில் மோட்டார்க் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறான். இந்தத் தொழிலுக்கு வரப் போவதில்லை, வரச் சொல்லவும் அவருக்கு மனமில்லை. பம்பாயிலிருந்து ஒரு வியாபாரி வந்து மரப்பெட்டியை அப்படியே விலை பேசிவிட்டுப் போயிருந்தார். மருந்துச் செலவுக்கு ஆகும் என்று பெரியவர் சொன்னார். "அங்கே போனா என்ன ஆகும்னு தெரியுங்களா சார்? பூச்சு முகத்துக்குள்ள போட்டு விப்பாங்க. அவ்வளவுதானுங்க."

நாமே அந்தப் பெட்டியை வாங்கிவிடலாமே என்று முதலில் தோன்றத்தான் செய்தது. சேர்ப்பவன் புத்தி எப்போதும் அந்தப் பக்கமே ஓடும். ஆனால் நம் பீரோவில் அது என்ன செய்யும்? தொழில் தெரிந்த கை இல்லாவிட்டால், டப்பிக்குள் இருக்கும் பேலன்ஸ் சக்கரமும் செல்லாக் காசும் ஒன்றுதான். வேண்டியது பெட்டி அல்ல, கை. சேலத்தில் நடுங்காத கைக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, செவ்வாய்ப்பேட்டை ஞாபகம் வந்தது.

சேலத்து வெள்ளிக் கொலுசைப் பற்றி நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கடுகளவு வளையங்களைச் சாமணத்தால் எடுத்துக் கோத்துப் பற்றவைக்கும் வேலை வீடு வீடாக நடக்கிறது. 2025-இல் வெள்ளி விலை மலைபோல் ஏறியதும் பல பட்டறைகளில் வேலை குறைந்துவிட்டது. நம் பழைய மாணவி ஒருத்தியின் வீடும் அப்படிப்பட்டதே. பத்து வயது முதல் தகப்பனாரோடு உட்கார்ந்து சாமணம் பிடித்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவரிடம் வந்து உட்கார முடியுமா என்று கேட்டோம். அவள் தகப்பனார் யோசித்தார். "பொம்பளைப் புள்ளை வாட்ச் கடையில உட்காருதான்னு பேசுவாங்களே சார்" என்றார். "கொலுசு செய்யறப்ப யாரும் பேசலையேப்பா" என்று அவளே பதில் சொல்லிவிட்டாள்.

பெரியவர் அவளிடம் கடிகாரத்தைக் கொடுக்கவில்லை. நசுங்கி முறுக்கிக் கொண்ட ஒரு ஹேர்ஸ்பிரிங்கைக் கொடுத்து, சரி செய் என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அது ஒன்றே வேலை. "மூச்சை அடக்காதே கண்ணு. மூச்சை அடக்கினா கை நடுங்கும்" என்று மட்டும் அவ்வப்போது சொல்வார். மூன்றாவது வாரம் அவள் தலை நிமிர்ந்து சொன்னாள்: "கொலுசுல தப்புப் பண்ணா உருக்கிக்கலாம் தாத்தா. இதுல உருக்க முடியாதுங்களே." அதைக் கேட்டதும் பெரியவர் நம்மைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பம்பாய்க்காரர் சொன்ன தொகை மாத்திரம் பாக்கி இருந்தது. பெரியவருக்கு மருந்து வாங்க வேண்டும். தர்மமாகக் கொடுத்தால் வாங்க மாட்டார். நம் ஃபேவர்-லூபா, வெஸ்ட் எண்ட் சவார், கறுப்பு முகத்துப் பைலட் மூன்றும் கோயம்புத்தூரில் ஒரு சிநேகிதரிடம் போய்ச் சேர்ந்தன. பைலட்டைக் கொடுத்தபோதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. பெரியவர் பணத்தை எண்ணி வாங்கிக் கொண்டு, மரப்பெட்டியை அந்தப் பெண்ணின் பெயருக்கு ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நம் சகதர்மிணி, மூன்று குறைந்ததற்காகச் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தோம். அவளோ, "அந்தப் புள்ளைக்கு ஒரு நல்ல மேஜை விளக்கு வாங்கிக் குடுங்க, அந்தக் கடையில வெளிச்சமே இல்லைங்களே" என்றாள்.

இந்தத் தொழிலில் அவள் ஜீவனம் நடத்த முடியுமா என்று நேயர்கள் கேட்கலாம். இதை மட்டும் நம்பி நடத்த முடியாது. கல்லூரிப் படிப்பை அவள் விடக் கூடாது என்று நாமும் சொல்லியிருக்கிறோம், பெரியவரும் சொல்லியிருக்கிறார். ஆனால் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கூரியரில் பழைய கடிகாரங்கள் வந்து கொண்டிருக்கின்றன. எண்ணெய் போட்டுச் சுத்தம் செய்து கொடுக்க ஆள் கிடைக்காமல் ஊர் ஊராக அலைகிறவர்கள் அனுப்புகிறார்கள். கண்ணாடிப் பெட்டியின் மேல் இப்போது பதினாலு பொட்டலங்கள் வரிசையில் நிற்கின்றன.

சென்ற வாரம் அவள் முதன் முறையாக ஒரு கடிகாரத்தை முழுவதும் கழற்றி, பெட்ரோலில் அலசி, எண்ணெயிட்டு, தனியாகவே பூட்டினாள். நம் தகப்பனாரின் ஜனதாவைத்தான் கொடுத்திருந்தோம். ஓடுகிறது. ஆனால் நாளொன்றுக்கு நாலு நிமிஷம் பின்தங்குகிறது. மறுபடியும் கழற்றச் சொல்லிவிட்டார் பெரியவர்.